டிக்கியில் இருக்கும் சின்னச் சக்கரம்



குடும்பத்தைத் தனித்து நின்று நடத்தும் பெண்கள் பலர் இன்று தாமே கார் ஓட்டுகின்றனர். டயர் மாற்றவும் தெரிந்திருப்பது நல்லது.

ஜப்பானிய கார்கள் பலவற்றின் டிக்கியில் ஒடுங்கிய உதிரிச் சக்கரம் ஒன்று இருக்கும். அது தற்காலிகமானது. அருகிலுள்ள டயர் கடைவரை போகத்தான் உதவும்.

பஞ்சரானால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளை இறக்கிப் பாதையைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். ஜக்கால் தூக்கும் முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். மாட்டியபின் எதிரெதிர் நட்டுகளாக இறுக்குங்கள்.

இந்தச் சக்கரத்துக்கு வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீற்றர். பசறையிலிருந்து பதுளைக்கு வரும் வளைவுகளில் அதுவும் மிக அதிகம். ஒடுங்கிய டயர் நிலத்தைப் பற்றுவது குறைவு. மழை பெய்தால் பிரேக் பிடித்தும் வண்டி தூரம் ஓடியே நிற்கும். இறக்கத்தில் சிறிய கியரில் மெதுவாக வாருங்கள். முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் முன் டயர் போனால், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்கு மாற்றிவிட்டு, சின்னதைப் பின்னுக்குப் போடுவதே பாதுகாப்பு. இரண்டு சின்னச் சக்கரங்களை ஒரே நேரத்தில் போடக்கூடாது.

அதற்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், சாதாரண டயருக்குப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சரியான அளவு டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். நள்ளிரவில் நோயாளியை பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில் உதிரிச் சக்கரத்திலும் காற்றில்லை என்று தெரிந்தால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காற்றடிக்க இடம் கிடைக்காது.