மறுப்புக் கடிதமும் முதுகுவலியும்

பள்ளி விடும் நேரத்தில் வாயிலுக்கு வெளியே பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கூடி நிற்பது பூன் லே வட்டாரத்தில் அன்றாடக் காட்சி. அங்கே இரண்டு நீண்ட இருக்கைகள் உண்டு. ஆயினும் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா அவற்றில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூணருகே நிமிர்ந்து நிற்பார். இந்திய இராணுவத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதால், படைவீரரின் மிடுக்கு இன்னும் போகவில்லை என்று ஆசிரியர் அறையில் வியந்து பேசியிருக்கிறோம். அவருடைய பேத்தி எழுதிய கட்டுரையைத் திருத்தியபோதுதான் உண்மை தெரிந்தது. தாத்தா தரையில்தான் படுப்பார், இரவில் பலமுறை எழுந்து நடப்பார், நெடுநேரம் உட்கார்ந்தால் எழ முடியாது என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவரும் வந்திருந்தார். மெல்ல விசாரித்தேன். பணிக்காலத்தில் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது. 2003இல் ஓய்வுபெறும்போது மருத்துவ வாரியம் அதைப் பதிவும் செய்திருக்கிறது. ஆனால் இயலாமை ஓய்வூதியம் கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு, அந்நோய் இராணுவப் பணியால் ஏற்பட்டதும் அன்று, பணியால் மோசமடைந்ததும் அன்று என்று ஒரே வரியில் மறுப்பு வந்துவிட்டது. ஏன் அன்று என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. (எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. மேல்முறையீடு செய்ய இருக்கிறார்.) மகனோ, "விடுங்கள் அப்பா, இருபது வருடம் ஆகிவிட்டது. நான் இல்லையா உங்களைப் பார்த்துக்கொள்ள?" என்கிறார். அன்பான மகன்தான். ஆனால் அவர் சொன்னது தவறு என்பதே என் கருத்து.

நான் சட்டம் படித்தவளல்லள். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அவ்வூர்களில் உறவினர் உள்ளவர்கள் நம் பெற்றோரிடையேயும் இருக்கக்கூடும்.

தரம்வீர் சிங் என்பவர் 1985இல் இந்திய இராணுவத்தின் சமிக்ஞைப் படைப்பிரிவில் சேர்ந்தார். வலிப்பு நோயால் 20 விழுக்காடு இயலாமை என்று கணித்து, 1994இல் அவரைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். பிறவிக்கூறினால் வந்த நோய், பணிக்குத் தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் ஒருமுறை வென்றார், அங்கேயே மேல்முறையீட்டில் தோற்றார். 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பத்தொன்பது ஆண்டுகள்!

அத்தீர்ப்பு புதிதாக எதையும் படைத்துவிடவில்லை. 1982ஆம் ஆண்டின் விதிகளில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துச் சொன்னது, அவ்வளவுதான். படையில் சேரும்போது ஒருவரை முழுமையாகப் பரிசோதித்தே சேர்க்கிறார்கள். அப்போது குறிக்கப்படாத நோய் பின்னர் வந்தால், சேரும்போது அவர் நலமாக இருந்தார், உடல்நலம் கெட்டது பணியினால்தான் என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவருடையதன்று. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே. சேரும்போதே கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவ வாரியம் கருதினால், அதற்கான காரணத்தை எழுத வேண்டும். இத்தனையும் விதிப்புத்தகத்தில் இருக்க, காரணமில்லாத ஒருவரிக் கடிதங்கள் எப்படிப் போய்க்கொண்டிருந்தன என்பது எனக்கு விளங்கவே இல்லை. மாணவன் விடைத்தாளில் 'தவறு' என்று மட்டும் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தால் பெற்றோர் நம்மை விடுவார்களா? (2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துவிட்டன. நான் பேசுவது அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களைப் பற்றி.)

"இருபது வருடம் ஆகிவிட்டது" என்பதற்கும் விடை உண்டு. தர்செம் சிங் என்ற வீரர் 1983இல் உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டு, 1999இல்தான் நீதிமன்றம் போனார். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு, எனவே காலதாமதம் உரிமையையே அழித்துவிடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நிலுவைத்தொகை, வழக்குத் தொடுப்பதற்கு முந்திய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே என்றும் கூறியது. இதன் பொருளை அந்த மகனுக்குக் கணக்கு வாத்தியார் போல எழுதிக் காட்டினேன். விண்ணப்பம் ஒரு மாதம் தாமதித்தால் ஒரு மாதப் பணம் போயிற்று. அது திரும்ப வராது.

தொகையும் சிறிதன்று. 20 விழுக்காடு இயலாமை என்று கணிக்கப்பட்டதை 50 விழுக்காடாக உயர்த்தி வழங்கும் முறை ஒன்று உண்டு. முதலில் உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இச்சலுகை, 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் வழக்கின் தீர்ப்பால் பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் கிடைத்தது.

பிறகு ஏன் இவர் இத்தனை ஆண்டுகள் எழுதவில்லை? இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கிறோம், குற்றம் சாட்டும் குரலில். மேல்முறையீடு என்பது என்ன? மேசையில் உட்கார வேண்டும். பழைய தாள்களைத் தேடிக் குனிய வேண்டும். பேருந்தில் மாவட்டத் தலைநகருக்குப் போய் வரிசையில் காத்திருக்க வேண்டும். முதுகுவலிக்காரரால் எவை முடியாதோ அவற்றையே செய்யச் சொல்லி, செய்யாவிட்டால் 'வலி உண்மையாக இருந்தால் விட்டிருப்பாரா' என்கிறது உலகம். செய்துவிட்டாலோ, 'இவ்வளவு அலைய முடிகிறதே, வலி எங்கே' என்கிறது! வலியோடு வாழ்பவருக்கு இரண்டு பக்கமும் அடி. ஆகவே இது அவர் தனியாகச் செய்யவேண்டிய வேலையே அன்று. வலியில்லாத, எழுதப் படிக்கத் தெரிந்த நாம் செய்ய வேண்டிய வேலை.

வலி படத்தில் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் மெல்பா சாண்டர்ஸ் என்ற முன்னாள் படைவீராங்கனைக்கு முழங்கால் வலி. வலி இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணமான நோய் எதுவும் தென்படவில்லை என்று பரிசோதித்தவர் எழுதினார், கோரிக்கை மறுக்கப்பட்டது. உடலின் இயக்கத்தைப் பாதிக்குமானால், நோய்ப்பெயர் இல்லாவிட்டாலும் வலியே இயலாமையாகக் கருதப்படலாம் என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்தியாவை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பதை அது நமக்குக் கற்றுத்தருகிறது. 'கடும் வலி' என்று எழுதுவதில் பயனில்லை. எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எத்தனை படி ஏற முடிகிறது, இரவில் எத்தனை முறை எழ நேர்கிறது என்று எழுத வேண்டும். அந்த நான்காம் வகுப்புப் பிள்ளையின் கட்டுரையில் இவையெல்லாம் இருந்தன.

சிங்கப்பூரில் நமக்கு இது தொலைதூரக் கதையும் அன்று. லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் 2008இல் தொடங்கிய இலவச உணவுத் திட்டம் யாருக்காக? வேலையிடத்தில் காயமுற்று, இழப்பீட்டுக்குக் காத்திருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்காக. அவர்களில் நம் மொழி பேசுவோரும் இருந்தார்கள். அங்கும் விழுக்காடு, மருத்துவர் அறிக்கை, ஆட்சேபம், காத்திருப்பு. மேலும், நம் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகிறார்கள். கால் சுளுக்கினாலும் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்துகொள், சீட்டைத் தூக்கி எறியாதே என்று சொல்லி அனுப்புங்கள். 'ஆம்பிளைப் பிள்ளை பொறுத்துக்கொள்ள வேண்டும்' என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

தமிழகத்தில் உறவினருக்கு இத்தகைய கடிதம் வந்திருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேட்கலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் வைத்தும் போகலாம், தாமே முன்னிலையாகவும் செய்யலாம். மருத்துவ வாரிய அறிக்கையின் நகலைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள். அது இல்லாமல் எதுவும் நகராது.

"கையேந்துவது போல இருக்கிறது டீச்சர்" என்றார் பெரியவர். "ஐயா, உங்கள் சம்பளத்தைக் கையேந்தியா வாங்கினீர்கள்?" என்றேன். சிரித்துவிட்டார்.

இரண்டு சனிக்கிழமைகளாக அவர்கள் வீட்டில் வேலை நடக்கிறது. நான் தட்டச்சு செய்கிறேன், மகன் ஆங்கிலத்தைச் சரிபார்க்கிறார், பேத்தி தாள்களை ஆண்டுவாரியாக அடுக்குகிறாள். தாத்தா சுவரில் சாய்ந்து நின்றபடியே தேதிகளைச் சொல்கிறார். 1998இல் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது கொடுத்த சீட்டு ஒன்றுதான் கிடைக்கவில்லை. ஊரில் அவர் தம்பி பழைய டிரங்குப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்.