எந்தத் தோட்டா என்று கேட்பதற்கு முன்

“தங்கச்சி, நீதானே பள்ளியில் துப்பாக்கி சுட்டவள்! பயிற்சிக்கு ஒரு தோட்டா, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு தோட்டா வாங்கணும். எதை வாங்கலாம், சொல்லு.”

சென்ற மாதம் காணொளி அழைப்பில் இப்படிக் கேட்டவர் என் பெரியம்மா மகன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறார், அங்கே நிரந்தரவாசி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குள் திருடன் புகுந்த பிறகு, அண்ணன் ஏஆர்-15 வகைத் துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அவருடைய நான்கு வயது மகள் திரைக்குக் குறுக்கே ஓடினாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. உயர்நிலைப் பள்ளியில் என் இணைப்பாட நடவடிக்கை ஏர் ரைஃபிள். அங்கேயும் “எது நல்ல குண்டு?” என்ற கேள்வி உண்டு. 4.5 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய அரை கிராம் எடையும் உள்ள சின்ன ஈயக் குண்டு அது. காகிதத்தில் வட்டமாகத் துளை வெட்டுவதற்காக அதன் முனை தட்டையாக இருக்கும். 10 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் சில குண்டுகளைச் சுட்டுப் பார்ப்போம். எந்த டப்பாவின் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ, அதுதான் என் துப்பாக்கிக்கு ஏற்ற குண்டு. அந்தக் கேள்விக்கு அளவுகோல் கொண்டே பதில் சொல்லிவிடலாம்.

அண்ணனின் கேள்வியில் முதல் பாதி இதைப் போன்றதுதான். படித்துப் பார்த்துப் பதில் சொன்னேன். முதலில், துப்பாக்கிக் குழாயில் பொறித்திருப்பதைப் பார்க்க வேண்டும். ‘.223’ தோட்டாவும் ராணுவத்தின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ராணுவத் தோட்டாவின் அழுத்தம் அதிகம், ‘.223’ என்று மட்டும் பொறித்த துப்பாக்கியில் அதைப் போடக்கூடாது. பயிற்சிக்குப் பெரும்பாலோர் வாங்குவது, ஈயத்தைச் செம்புக் கலவையால் முழுவதும் மூடிய சாதாரணத் தோட்டா. விலை குறைவு என்பதே முக்கியக் காரணம். முனைக்குள் எஃகு வைத்த ‘பச்சை முனை’த் தோட்டாவைப் பல பயிற்சிக்கூடங்கள் அனுமதிப்பதில்லை. இரும்பு இலக்குகளை அது சேதப்படுத்திவிடும்.

இதுவரை சிக்கல் இல்லை. இரண்டாம் பாதியில்தான் நான் தடுமாறினேன்.

அமெரிக்காவில் பல வீடுகளின் உட்சுவர் நம் வீவக வீட்டுச் சுவர்போல் இருக்காது. மரச்சட்டத்தின் இருபுறமும் 13 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஜிப்சம் பலகையை அடித்திருப்பார்கள். அண்ணனின் துப்பாக்கியிலிருந்து தோட்டா வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பக்கூடியது. குறி தவறினால் அது பலகையைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அதனால்தான் வீட்டுக்கு முனை குழிந்த தோட்டாவைப் பரிந்துரைக்கிறார்கள். உடலில் பட்டதும் அது விரிந்து அங்கேயே நின்றுவிடும், மறுபக்கம் பாய்வது குறையும் என்பது வாதம்.

விரியும் தோட்டாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1890களில் கொல்கத்தா அருகே டம்டம் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆயுதச்சாலையில் இந்த வகைத் தோட்டா செய்யப்பட்டது. ‘டம்டம் தோட்டா’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அது உண்டாக்கும் காயம் கொடூரமானது என்பதால், 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம், அதை ஏற்ற நாடுகள் தங்களுக்குள் நடக்கும் போரில் அதைப் பயன்படுத்தக்கூடாது என்றது. போர்க்களத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தோட்டா, வரவேற்பறைக்குப் பொருத்தமானது என்று இன்று விற்கப்படுகிறது.

அந்தத் தோட்டாவும் ஆளைத் தவறவிட்டால் சுவரைத் துளைக்கத்தான் செய்யும். இலேசான தோட்டாவைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து குறையலாம், இல்லாமல் போகாது. பயிற்சிக்கூடத்தில் என் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் தடுப்பு இருந்தது. அண்ணனின் வீட்டில், சுவருக்குப் பின்னால் கட்டிலில் ஒரு குழந்தை தூங்குகிறாள். எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு அங்கே சரியான பதிலே கிடையாது என்பது என் கருத்து.

அண்ணனின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அக்கம்பக்கக் காவல் நிலையம் பக்கத்திலேயே உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொல்வது எளிது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2008ல் உறுதி செய்துள்ளது. ஆனால் உரிமை இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 1993ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு இருந்ததாகக் கண்டது. துப்பாக்கிதான் அதற்குக் காரணமா என்ற விவாதம் தொடர்ந்தாலும், அண்ணன் எதிர்பார்க்கும் பாதுகாப்பை அந்த எண் காட்டவில்லை. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,000க்கும் அதிகமானோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். அந்த மரணங்களில் திருடன் யாரும் இல்லை.

என் தம்பி இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். சுடும் பயிற்சி முடிந்ததும், தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று ஒவ்வொரு வீரரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறான். கணக்கு சரியாக வந்தால்தான் வீடு திரும்பலாம். முன்பு அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். சிங்கப்பூர்ச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தாலே குறைந்தது ஐந்தாண்டுச் சிறையும் ஆறு பிரம்படியும் உண்டு. தோட்டாவை எண்ணி வைப்பதும் நம்மைக் காக்கும் ஒரு சுவர்தான் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கணினி விளையாட்டுகளிலும் காணொளிகளிலும் துப்பாக்கி வகைகளை மனப்பாடமாகச் சொல்லும் நண்பர்கள் நம்மில் பலருக்கு உண்டு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ அமெரிக்கா போகப்போகிறவர்களும் இருக்கிறோம். “எது சிறந்தது?” என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. “இது எனக்கு எதற்கு? குறி தவறினால் யார் மேல் படும்?” என்று கேட்கத்தான் பழக வேண்டும்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். கதவுக்கு நல்ல பூட்டும் அலாரமும் போடுங்கள், துப்பாக்கியைச் சுடும் கூடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள், வீட்டில் இருக்கும்போது குண்டு நீக்கிப் பெட்டியில் பூட்டித் தோட்டாவை வேறிடத்தில் வையுங்கள் என்றேன். “பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது?” என்றார். “பூட்டாவிட்டால் முதலில் எடுப்பது யார் அண்ணா?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். இரும்புப் பெட்டி ஒன்று, பூட்டிய நிலையில். தோட்டா வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.