பறவைகளுக்கு ஒரு கேமரா, ஊருக்குப் பொதுவாக

பறவைப் படம் எடுப்பது லட்சக்கணக்கில் செலவழிக்கிறவங்க வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா போதும். நிக்கான் பி900 என்ற மாடல் 2015லேயே 83 மடங்கு ஜூமோடு வந்துவிட்டது. பழையது ஒன்று கிடைத்தாலும் சரி, பறவைத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானின் அலகில் இருப்பது புழுவா, வெட்டுக்கிளியா என்று வரப்பில் நின்றே பார்த்துவிடலாம்.

குறையும் உண்டுங்க. சென்சார் சிறியது, விடியல் மங்கலில் படம் புள்ளிபுள்ளியாக வரும். முழு ஜூமில் கை கொஞ்சம் ஆடினாலும் பறவை திரையை விட்டே போய்விடும். வேலிக்கல் மேல் ஊன்றி எடுங்கள். கண்காட்சிக்கு ஆகாத படமாக இருக்கட்டும், நமக்கு ஆதாரம்தானே வேணும்?

"மருந்தடிக்காம பூச்சியை யாரு திங்கிறது?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டால் வாதாட வேண்டாம், தேதியோடு படத்தைக் காட்டுவோம். நெல்லைக் கொத்தும் பறவையும் படத்தில் விழும். அதையும் மறைக்காமல் காட்டுவோம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது இ-பேர்டிலும் பதியலாம்.

கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். தள்ளி நின்று எடுக்கத்தானே அந்த ஜூம்! தனியாக வாங்க முடியாவிட்டால் உழவர் குழுவாகச் சேர்ந்து வாங்குவோம்.