கம்பெனி போனது, ஊர் இருக்கிறது

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் ஒன்றில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைத்ததில்லை. நிலம் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. அந்த நிறுவனம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதன் மைன்ஸ் மூடிக் கிடக்கிறது. ஓட்டு கேட்க வருபவர் நகரசபை உறுப்பினர். ரேஷன் கார்டும் முதியோர் பணமும் தருவது மாநில அரசு. வீட்டில் குடியிருப்பவரோ, உரிமை இன்னும் உறுதியாகாத வீட்டுக்கு எதற்காகக் கைக்காசைப் போட வேண்டும் என்று தயங்குகிறார். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களுக்கு நடுவில் சாக்கடை தேங்கி நிற்கிறது.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று பார்க்காமல் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது முதல், ஊர் என்றாலே கம்பெனி என்றாகிவிட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர்களுக்குத் தட்டி வீட்டைக் கொடுத்தது கம்பெனி. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, காவலும் கம்பெனியுடையது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தபோது, பெங்களூரில்கூட மின்விளக்கு எரியவில்லை. அந்த மின்சாரம் வந்தது மைன்ஸை ஓட்டத்தான். தட்டி வீடுகளின் இருட்டு அவ்வளவு சீக்கிரம் விலகவில்லை. பாலாற்றின் தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாக வந்தது. எல்லாவற்றையும் கொடுத்தவர்களே எல்லாவற்றையும் தீர்மானித்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்ந்தவரிடம் போய் ‘இது உன் ஊர்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்தக் கம்பெனி எல்லைக்கு வெளியே, கடைக்காரர்களுக்கும் மற்றவர்களுக்குமாக நேர்த்தெருக்களும் குறுக்குத்தெருக்களுமாக அளந்து போடப்பட்டது ராபர்ட்சன்பேட்டை. மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயர் அதற்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைவாசலில் கேட்கும் ஊர் அது. கீதா ரோடும் சூரஜ்மல் சர்க்கிளும் எம்.ஜி. மார்க்கெட்டும் லைன் மக்களின் சம்பள நாளை நம்பித்தான் வளர்ந்தன. ஆனாலும் பேட்டை வேறு, லைன் வேறு என்ற கோடு நிர்வாகத்தில் மட்டுமல்லாமல் மனத்திலும் ஆழமாக விழுந்தது. பேட்டைக்காரருக்கு லைன் என்பது வாடிக்கையாளர் வரும் இடம். லைன்காரருக்குப் பேட்டை என்பது சாமான் வாங்கும் இடம். இரண்டையும் சேர்த்து ஓர் ஊர் என்று நினைக்கும் தேவை, கம்பெனி இருந்தவரை, யாருக்கும் வரவில்லை.

1956-இல் மைசூர் அரசு மைன்ஸை எடுத்துக்கொண்டது; 1962-இல் அது மத்திய அரசின் கைக்குப் போனது; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் (பி.ஜி.எம்.எல்.) உருவானது. முதலாளி மாறினாரே தவிர ஏற்பாடு மாறவில்லை. 2001 பிப்ரவரி இறுதியோடு எல்லாம் நின்றது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ 800 டன் தங்கத்தைக் கொடுத்த பூமி அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. வேலை இழந்தவர்கள் மூவாயிரத்துக்கும் அதிகம். மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் ரயிலில் அவர்களுடைய பிள்ளைகள் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலெல்லாம் ஊரில் இருப்பவர்கள் வயதானவர்களும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். பொதுக் காரியத்துக்கு ஆள் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பதினான்கு மணி நேரம் வெளியே கழிப்பவனால் எந்தக் கூட்டத்துக்கு வர முடியும்?

‘கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றே பழகிய மக்கள், அதனால்தான் சும்மா இருக்கிறார்கள்’ என்று வெளியூர்க்காரர் சிலர் எழுதுகிறார்கள். இது உண்மையில்லை. 1930-இல் கைரேகை வைக்கச் சொன்னபோது, நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பர் 4 அன்று தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களுக்கு இந்த ஊர் இன்றும் நினைவு நாள் அனுசரிக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்து ஆண்டுகள் கழித்து, ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் மறுபடியும் நடத்தினார். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்கள் காசு சேர்த்துச் சங்கம் வைத்தார்கள், பள்ளி வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். கூட்டுப் பொறுப்பு இந்த ஊருக்குப் புதிது அல்ல. உரிமை கேட்கக் கூடிய அதே மக்களை ஊரை நடத்தவும் கூட அழைக்கிறோம், அவ்வளவுதான்.

அப்படி அழைக்கும்போது ஒரு விஷயத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ‘எல்லாரும் சேர்ந்து ஊரைச் சுத்தமாக வைப்போம்’ என்ற வாக்கியம் கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அந்த ‘எல்லாரும்’ குறிப்பிட்ட சில சாதியினராகச் சுருங்கிவிடுவதை இந்த ஊர் கண்டிருக்கிறது. மலத்தைக் கையால் அள்ளும் முறைக்கு எதிராகப் போராடிவரும் பெஜவாடா வில்சன் பிறந்தது தங்கவயலில். அவர் குடும்பத்தினர் இங்கேதான் உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்தார்கள். மலத்தைக் கையால் அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்த பிறகும் அந்த வேலை இங்கே நடந்தது. அவர் எழுதிய கடிதங்களும் எடுத்துக் காட்டிய படங்களும் வெளியுலகுக்குப் போன பின்னரே நிர்வாகம் அசைந்தது. 2016-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். பெருமைக்கு முன்னால் வெட்கமும் இருந்திருக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே கம்பெனியின் கீழ் வாழ்ந்த மக்களில் ஒரு பகுதியினரின் தலையில் அத்தனை பேரின் கழிவும் ஏற்றப்பட்டது. அதைப் பெரும்பாலோர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே கூட்டுப் பொறுப்பின் முதல் விதி இதுதான்: செப்டிக் டாங்கிலோ சாக்கடைக் குழியிலோ ஒரு மனிதரும் இறங்கக் கூடாது. லைனாக இருந்தாலும் பேட்டைப் பங்களாவாக இருந்தாலும் இயந்திரத்துக்குச் செலவழிக்க வேண்டும். வரி போதவில்லை என்றால் வரி கூட்டுவதைப் பற்றிப் பேசலாம். ஆள் இறங்குவதைப் பற்றிப் பேசக் கூடாது.

அடுத்தது சைனைடு மேடுகள். பாறையை அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மண் அது. சுமார் 3.3 கோடி டன் ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கிறது. ஆடிக்காற்றில் அந்த மாவுத் தூள் கிளம்பி லைன் வீட்டுச் சோற்றிலும் விழுகிறது, பேட்டைக் கடைப் பலகையிலும் படிகிறது. சிலிகா கலந்த தூசி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை இருமி இருமியே வாழ்ந்து முடித்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் உள்ள 13 மேடுகளை மறுபடியும் அரைத்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்ற நம்பிக்கையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அமைதியாகக் கிடக்கும்போதே ஊரைச் சூழும் தூசி, தோண்டும்போது என்ன ஆகும்? மேட்டைக் கிளறுவதற்கு முன் காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள் லைன்களிலேயே நிறுவப்பட வேண்டும். அளவுகள் தமிழிலும் கன்னடத்திலும் தெருவில் எழுதிப் போடப்பட வேண்டும். 

பணம் எங்கே என்ற கேள்வி உடனே வரும். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, சுரங்க வேலையால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை இருக்க வேண்டும். சுரங்கம் நடத்துபவர் ராயல்டியோடு சேர்த்து அதற்கும் ஒரு பங்கு கட்ட வேண்டும். குடிநீர், மருத்துவம், துப்புரவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கே அதில் முன்னுரிமை. தங்கவயல் சுரங்கம் ஓடிய நாளில் இப்படி ஒரு சட்டம் இல்லை. அத்தனை டன் தங்கத்திலும் ஊருக்கென்று ஒரு குண்டுமணி ஒதுக்கப்படவில்லை. மேடுகள் மறுபடியும் பிளக்கப்பட்டால் அந்தப் பங்கு வரும். அது எங்கே, எந்த லைனுக்கு, எதற்காகச் செலவாக வேண்டும் என்று இந்த ஊர் இப்போதே எழுதி வைக்காவிட்டால், கோலாரிலோ பெங்களூரிலோ வேறு யாராவது எழுதுவார்கள்.

பெங்களூரின் குப்பையை நம் மைன்ஸ் பக்கம் கொட்டலாம் என்று ஒரு யோசனை கிளம்பியதும், 2012-இல் அணுக்கழிவைப் பற்றிய பேச்சு நீதிமன்றம் வரை போனதும் மறந்திருக்காது. அப்போதெல்லாம் பேட்டையும் லைனும் கட்சி பேதமில்லாமல் ஒன்றாக நின்றன. பொல்லாதது வரும்போது ஒன்று சேர நமக்குத் தெரியும். நல்லது ஒன்றைத் திட்டமிட ஒன்று சேர்வதில்தான் பழக்கம் போதவில்லை.

அப்படித் திட்டமிட்ட ஊர் ஒன்று உண்டு. இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் மலைகளுக்கு நடுவில், சவாலுந்தோ என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. 1868-இல் டச்சுப் பொறியாளர் டி கிரேவே அங்கே நிலக்கரியைக் கண்டுபிடித்தார். காலில் சங்கிலியிட்ட கைதிகளைக் கொண்டுவந்து வெட்ட வைத்தார்கள். கரியைத் துறைமுகம் சேர்க்க ரயில் பாதை போட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய நம் மைன்ஸ் மூடிய அதே காலத்தில், அங்கும் கரி ஓய்ந்தது. மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 2001-இல் அந்த நகர நிர்வாகம், இது இனி சுரங்க வரலாற்றைக் காட்டும் நகரம் என்று உள்ளூர்ச் சட்டமாகவே எழுதிக்கொண்டது. தொழிலாளர்களுக்குச் சோறு வடித்த பெரிய சமையற்கூடம் அருங்காட்சியகம் ஆனது. கைதிகள் வெட்டிய சுரங்கவழி ஒன்றில் பார்வையாளர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். சங்கிலியை மறைக்காமல் காட்டுகிறார்கள். 2019-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்து அறிவியல் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த சாம்பியன் ரீஃப் நம்மிடம் இருக்கிறது. நம் ஷாஃப்ட்களின் இரும்போ துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. சினிமாக்காரர்கள் வந்து படமெடுத்துப் போகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஊரில் ஒரு கூடம் இல்லை. சுற்றுலா வந்தால் சாக்கடை சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊர் முதலில் செய்தது, ‘இனி இதை யார் நடத்துவது’ என்பதை எழுதி முடிவு செய்ததுதான். நாம் அதைச் செய்யவில்லை.

செய்ய வேண்டியதை இங்கே பங்கு பிரித்துச் சொல்கிறோம். மத்திய அரசும் பி.ஜி.எம்.எல்.லும் முன்னாள் தொழிலாளர்களின் வீட்டு உரிமையை ஒரு கெடு வைத்து முடித்துத் தர வேண்டும். வீட்டு உரிமைக்கான ஹக்குப் பத்திரம் கைக்கு வராதவரை மற்ற எந்தப் பொறுப்பைப் பற்றியும் லைன் மக்களிடம் பேசும் தகுதி யாருக்கும் இல்லை. மாநில அரசு லைன்களின் சாலை, சாக்கடை, விளக்கு அனைத்தையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நகரசபையிடம் ஒப்படைத்து, அதற்கான பணத்தையும் கொடுக்க வேண்டும். உரிமை கிடைத்த பின் லைன்வாசிகள் வரி கட்ட முன்வர வேண்டும். இது கசப்பாக இருக்கலாம். ஆனால் வரி ரசீது கையில் இருப்பவன் கேட்கும் கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். 

பேட்டை வணிகர்களிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம் அதிகம். மார்க்கெட் கழிவை லைன் ஓரத்துக் காலி இடத்தில் கொட்டுவதை நிறுத்துங்கள். கடைத்தெருவுக்கு நடைபாதை கேட்டு நகரசபைக்கு எழுதும் மனுவில், லைனுக்குக் கழிப்பறை கேட்டு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இங்குள்ள பெமல் (பாரத் எர்த் மூவர்ஸ்) தொழிற்சாலை 1964 முதல் இந்த மண்ணின் தண்ணீரையும் உழைப்பையும் பயன்படுத்தி வளர்ந்தது. சமூகப் பொறுப்பு நிதியில் லைன் குழந்தைகளின் நுரையீரல் பரிசோதனைக்கு அது ஒரு பங்கு ஒதுக்கலாம். பேத்தமங்கலம் ஏரியின் வரத்துக் கால்வாய்களை மீட்பது, பாலாற்றை நம்பிய எல்லா ஊர்களும் கைகோத்துச் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தங்கவயல் அதில் முதலில் நிற்க வேண்டும்.

மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களை அரசியல் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊர் அந்தக் கணக்கில் வராது. அதனால் குழு கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. லைனுக்கு ஒரு குழு, பாதிப் பேர் பெண்கள், ரயிலில் போய் வருபவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம், துப்புரவுப் பணியாளர்களுக்கு அதில் நாற்காலியும் வாக்கும். மாதா கோயிலும் மாரியம்மன் கோயிலும் மசூதியும் பௌத்த சங்கமும் இடம் தர மறுக்காது. நகரசபை உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் வந்து உட்கார்ந்து கேட்கட்டும். 

சைனைடு மேடுகளில் இயந்திரம் இறங்கும் முன், நகரசபையின் சிறப்புக் கூட்டம் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று தலைவரையும் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டு உரிமை, தூசி, கனிம நிதியில் லைன்களின் பங்கு ஆகிய மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதி, பேட்டை உறுப்பினரும் லைன் உறுப்பினரும் சேர்ந்து கையெழுத்திட்டு, கோலார் மாவட்ட ஆட்சியருக்கும் டெல்லிக்கும் அனுப்புங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வார்டு உறுப்பினர் போகிறாரா என்று இந்த வாரமே அவரிடம் கேளுங்கள்.