பொன்னாடை போர்த்தினா தண்ணி வருமா?

நம்ம நாட்டுல ஒரு அறிஞரை மறக்கணும்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அவரைப் பத்திப் பேசாமலே விட்டுடறது. ரெண்டாவது, அவர் பேர்ல வருஷா வருஷம் ஒரு நினைவுச் சொற்பொழிவு வைக்கிறது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, ஒரு மணி நேர உரை, நன்றியுரை, டீ, சமோசா. அடுத்த வருஷம் மறுபடியும் அதே.

சொற்பொழிவே கூடாதுன்னு சொல்ல வரலை. ராமசாமி ஆர். ஐயர் (திவான் சர் சி.பி. இல்லைங்க, இவர் வேற) பேர்ல ஒரு தொடர் வேணுமான்னு கேட்டா, கண்டிப்பா வேணும்னுதான் சொல்வேன். அதை எப்படி நடத்தறோம்ங்கறதுலதான் எனக்குச் சண்டை.

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: தணிக்கைத் துறை அதிகாரியா இருந்து, மத்திய நீர்வளத் துறைச் செயலர் ஆனவர். 1987-ல வந்த முதல் தேசிய நீர்க்கொள்கையை வரைஞ்சதுல முக்கியமான ஆள். ஓய்வுக்கு அப்புறம் டெல்லி கொள்கை ஆராய்ச்சி மையத்துல உட்கார்ந்து தண்ணி, சட்டம், நதிநீர்த் தகராறுன்னு எழுதித் தள்ளினார். இந்தியாவின் நீர்ச் சட்டங்கள் பத்தி அவர் தொகுத்த புத்தகம் 2009-ல வந்தது. 2014-ல பத்மஸ்ரீ. 2015 செப்டம்பர் 9 அன்று காலமானார்.

இவரைப் புகழ்றது ரொம்ப ஈஸி. அவர் சொன்னதைக் கேட்கறதுதான் கஷ்டம். நர்மதைத் திட்டங்களுக்கு 1987-ல சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சப்போ துறையின் செயலர் அவர்தான். அதே மனுஷர் 1993-ல சர்தார் சரோவரை மறுபரிசீலனை செய்த ஐவர் குழுவுல இருந்தார். பிறகு பெரிய அணைகளையும் நதிநீர் இணைப்பையும் விடாம விமர்சிச்சார். 'கடல்ல வீணாக் கலக்குது' அப்படிங்கற வசனத்தை எஞ்சினியரிங் படிச்ச நாம எல்லாரும் வேதமா நம்பறோம். ஆறு கடலுக்குப் போறது வீண் இல்லை, அதுதான் ஆத்தோட வேலைன்னு அவர் சொன்னார். கென்-பேத்வா இணைப்புக்கு 2024 டிசம்பர்ல அடிக்கல் நாட்டியாச்சு. அவர் படத்துக்கு மாலை போடற அதே கைதான் அடிக்கல்லும் நாட்டும். இதுதான் என் கோபம்.

இப்போ நிலத்தடி நீருக்கு வருவோம். உலகத்துலேயே அதிகமா நிலத்தடி நீர் உறிஞ்சற நாடு நம்மளுது. அதுக்கான சட்டம்? 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம்! உன் நிலத்துக்கு அடியில, குறிப்பிட்ட வாய்க்கால்னு இல்லாம கசிஞ்சு ஓடற தண்ணியை நீ எடுத்துக்கலாம்னு அது சொல்லுது. இதுக்கு மூலம் 1843-ல இங்கிலாந்துல வந்த ஒரு தீர்ப்பு. பூமிக்கு அடியில தண்ணி எப்படி ஓடுதுன்னு சரியாத் தெரியாத காலம் அது. நான் ஆயிரம் அடிக்கு போர் போட்டு, பக்கத்து வயல்காரர் கிணறு வத்திப்போனா, அவர் தலையெழுத்து, அவ்வளவுதான்.

தமிழ்நாடு 2003-ல நிலத்தடி நீருக்குன்னு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அமலுக்கே வராம 2013-ல ரத்து பண்ணிட்டாங்க. எங்க பாஷையில சொன்னா, பத்து வருஷம் ரிலீஸே பண்ணாம வெச்சிருந்து ப்ராஜெக்ட்டையே டெலிட் பண்ற கதை. கேரளத்துல பிளாச்சிமடை வழக்கு: நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதுக்கு அறங்காவலர்னு 2003-ல தனி நீதிபதி சொன்னார். 2005-ல டிவிஷன் பெஞ்ச் அதை மாத்திடுச்சு.

இதுல ஒரு வேடிக்கையையும் பாருங்க. 2018 பிப்ரவரி 16 காவிரித் தீர்ப்புல தமிழ்நாட்டோட பங்கு 419 டிஎம்சியில இருந்து 404.25 ஆக் குறைஞ்சது. குறைஞ்ச 14.75-ல 10 டிஎம்சி எதுக்கு? நம்மகிட்ட நிலத்தடி நீர் இருக்கு, அதையும் கணக்குல எடுக்கணும்ங்கறதுக்கு. அதாவது, மாநிலங்களுக்குள்ள பங்கு பிரிக்கிறப்போ நிலத்தடி நீர் ஊர்ச்சொத்து. மோட்டார் போட்டு உறிஞ்சறப்போ அது தனியார் சொத்து. ரெண்டும் எப்படிங்க ஒரே நேரத்துல சரியா இருக்கும்?

ஐயர் இதுக்கு வழி சொல்லாமப் போகலை. 2011-ல திட்டக் குழுவுக்காக அவர் தலைமையில ஒரு குழு தேசிய நீர்ச் சட்ட வரைவு தயாரிச்சது. தண்ணி யாரோட சொந்தச் சொத்தும் இல்லை, அரசுகூட மக்கள் சார்பா வெச்சிருக்கிற அறங்காவலர்தான்ங்கறது அதோட அடிப்படை. தண்ணி மாநிலப் பட்டியல்ல இருக்கு, மத்திய அரசு எப்படி சட்டம் போடலாம்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான், நானும் மாநில உரிமைக் கட்சிதான். ஆனா அந்த உரிமையை வெச்சுக்கிட்டு 2003 சட்டத்தை என்ன பண்ணோம்னும் பதில் சொல்லணும்ல?

'சட்டம் போடறது அரசாங்கத்தோட வேலை, சொற்பொழிவு என்ன பண்ணும்?'னு சிலர் கேட்கலாம். பண்ண வைக்கலாம். அதுக்கு என்னோட மூணு நிபந்தனை:

1. டெல்லி ஏசி ஹால்ல, இங்கிலீஷ்ல மட்டும் வேண்டாம். ஒரு வருஷம் மண்டியாவுல கன்னடத்துல, அடுத்த வருஷம் தஞ்சாவூர்ல தமிழ்ல. அங்க பேசறது இங்கயும், இங்க பேசறது அங்கயும் மொழிபெயர்ந்து போகணும்.

2. புகழ்றவங்களை மட்டும் கூப்பிடாதீங்க. அணை கட்டற எஞ்சினியர், நதிநீர் இணைப்பை ஆதரிக்கிறவர், போர்வெல் விவசாயி, எல்லாரும் மேடையேறணும். தன் கருத்தையே மாத்திக்கிட்ட மனுஷர் பேர்ல நடக்கிற கூட்டத்துல எதிர்க்கருத்துக்கு இடம் இல்லைன்னா அசிங்கம்.

3. முதல் பத்து நிமிஷம் கணக்கு வாசிக்கணும். இந்த வருஷம் எந்த நீர்ச் சட்டம் வந்தது, எது அமலாகலை, எது காணாமப் போச்சுன்னு. அவர் தணிக்கைத் துறைக்காரர். அவருக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலி கிடையாது.

இந்த மூணும் முடியாதுன்னா அந்தப் பொன்னாடைக் காசுல நாலு பள்ளிக்கூடத்துக்கு அவர் புத்தகத்தை வாங்கிக் கொடுங்க. யாராவது ஒரு பொண்ணோ பையனோ படிச்சுட்டு, '1882 சட்டம் ஏன் இன்னும் இருக்கு?'ன்னு கேட்டாப் போதும்.