ஈரல் பரிசோதனைத் துண்டும் கிளினிக் கொப்பியும்

ஒவ்வொரு முறை இடம்பெயர்ந்தபோதும் காணி உறுதி, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியன பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு எம்மோடு வந்தன. கிளினிக் கொப்பியும் பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகளும் பெரும்பாலும் வரவில்லை. அதை ஓர் இழப்பாக எவரும் கணக்கெடுக்கவும் இல்லை. ஆனால் அதுவும் இழப்புத்தான் என்பதே எமது கருத்து.

நானாட்டான் பகுதியில் இன்று பலரின் கையில் ஈரல் பரிசோதனைத் துண்டொன்று இருக்கிறது. 'எஸ்.ஜி.பி.ரி. 90' என்று எழுதி, அது கூடுதல் என அடையாளமும் இட்டிருக்கும். அதைக் கண்டதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். "ஈரல் பழுதாம்" என்று அயலவர் சொல்வர். ஒருவர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்வார், இன்னொருவர் மீனையும் எண்ணெயையும் நிறுத்தச் சொல்வார். அந்த இலக்கம் நோயின் பெயரல்ல என்பதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

எஸ்.ஜி.பி.ரி., எஸ்.ஜி.ஓ.ரி. என்பவை ஈரற் கலங்களுக்குள் இருக்கும் நொதியங்கள். கலம் காயப்பட்டால் அவை இரத்தத்தில் கசியும். வழக்கமாக 40 அளவுக்குள் இருக்க வேண்டியது 90 ஆனால், வைத்தியர் பதறமாட்டார். கேள்வி கேட்பார், சில வாரங்களின் பின் திரும்பவும் பரிசோதிப்பார். ஆயிரத்தைத் தாண்டினால் கதை வேறு. வைரசுக் கிருமியா, அளவுக்கு மிஞ்சிய பனடோலா என்று உடனே தேடுவார். 2009இல் மெனிக் பாம் முகாம்களில் பரவிய 'ஏ' வகைச் செங்கண்மாரி, இப்படி நொதியத்தை உச்சிக்கு ஏற்றும் நோய்தான். அழுக்குத் தண்ணீரும் நெருக்கமும் தந்த அந்த நோய், பெரும்பாலானோருக்கு ஓய்வோடு தானாகவே மாறும்.

எம்மைப் போன்ற வயற்காரர் அறிய வேண்டிய வேறுபாடொன்று உண்டு. கண் நன்றாக மஞ்சளாகி, பிலிருபின் மிகவும் கூடியிருக்க, நொதியங்கள் கொஞ்சமாகவே ஏறியிருந்தால், காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்திருந்தால், வைத்தியரின் எண்ணம் எலிக்காய்ச்சல் பக்கம் போகும். 2008இல் மாத்திரம் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர். அது ஓய்வெடுத்து மாற்றும் நோயல்ல. சிறுநீரகத்தையும் தாக்கும், பிந்தினால் உயிரே போகும். ஆகவே கட்டுக்கரைத் தண்ணீர் பாயும் வயலில் இறங்கியதை வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். "செங்கண்மாரிதானே" என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தக்கூடாது.

அடுத்தது, நாம் மறைக்கும் கதை. எஸ்.ஜி.ஓ.ரி. மற்றதைவிட இரட்டிப்புக்கு மேல் நின்றால், குடியைப் பற்றிக் கேட்பார்கள். கசிப்பு, சாராயம், கள்ளு எதுவானாலும் உள்ளதைச் சொல்லலாம். பொலிசாருக்குச் சொல்வதல்ல அது. காசநோய்க் குளிசை எடுப்பவரும் நாட்டுக் கசாயம் குடிப்பவரும் அதையும் சொல்லவேண்டும். முதல்நாள் முழுக்க நெல்மூட்டை சுமந்தவருக்குத் தசையிலிருந்தும் இந்த நொதியங்கள் கூடலாம் என்பது பலர் அறியாதது. குடியும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறதா என்று ஸ்கானில் பார்ப்பார்கள். ராகமைப் பகுதியில் நடந்த ஆய்வொன்றில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. எனவே அது பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று நாம் இருந்துவிட முடியாது.

நொதியம் சரியாக இருந்தால் ஈரல் நலம் என்பதும் தப்பு. பல வருடம் குடித்துச் சுருங்கிய ஈரலில் கசிவதற்குக் கலமே மிச்சம் இராது. துண்டு நல்லதாகவே தோன்றும். அல்புமின் குறைவதும், இரத்தம் உறையும் நேரம் நீள்வதும்தான் அங்கே உண்மையைக் காட்டும். வயிறு ஊதி, கால் வீங்கிய ஒருவரை "றிப்போட் நல்லம்" என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து.

இங்கேதான் பழைய துண்டின் பெறுமதி. மூன்று வருடத்துக்கு முன்னரும் 90 என்றால் ஒரு முடிவு, அன்று 30 இருந்து இன்று 90 என்றால் வேறு முடிவு. இடப்பெயர்வில் தொலைத்தவருக்கு இந்த ஒப்பீடே கிடையாது. வைத்தியர்களிடமும் எமக்கொரு குறை உண்டு. வரிசை நீளம்தான், நாம் அறிவோம். என்றாலும் "என்ன வேலை, என்ன குடிக்கிறீர், என்ன மருந்து எடுக்கிறீர்" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். கேட்காமலே துண்டைத் திருப்பித் தந்தால் நாம் எழும்பி வந்துவிடாமல், "ஐயா, திரும்ப எப்போது சோதிக்க வேணும்?" என்று கேட்டு, அந்தத் திகதியைக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். கொப்பி இனிக் காணி உறுதி இருக்கும் அதே பையில் இருக்கட்டும்.