தனிக் கால்வாய் பிரிவினை ஆகுமா?



“இலக்கியம் எல்லோர்க்கும் பொது, பால்புதுமையர் இலக்கியத்திற்கு மட்டும் எதற்குத் தனி விழா?” என்று கேட்கின்றனர் சிலர். பகைவர் மட்டுமே கேட்டிருப்பின் புறந்தள்ளியிருப்போம். நம் படிப்பகங்களில் அமர்ந்து நாளேடு படிக்கும் நண்பர்களும் கேட்கின்றனர். ஆகவே விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தன்பால் ஈர்ப்புடையோர், இருபால் ஈர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் முதலானோரையே பால்புதுமையர் என்கிறோம். அவர்கள் எழுத்துக்குப் பொது மேடை போதும் என்போரே, ‘பொது’ என்றால் என்னவென்று கம்பம் பள்ளத்தாக்கின் உழவனைக் கேளுங்கள்!

மழை பொதுதான். ஆயினும் அது மலைக்கு மேற்கே பெய்து, மேற்கேயே ஓடிற்று. 1895-இல் பெரியாற்றில் அணை எழுந்து, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பிய பின்னரே நம் பள்ளத்தாக்கின் வாழ்வு மலர்ந்தது. இன்று 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதன் பின்னும் மேட்டு நிலம் காய்ந்தே கிடந்தது. அதற்கெனவே 18-ஆம் கால்வாய் வெட்டப்பட்டது. உத்தமபாளையம், தேனி, போடி வட்டாரத்து மானாவாரி நிலம் நீர் கண்டது. அக்கால்வாயைப் பிரிவினை என்று எவரேனும் பழித்ததுண்டா? அதில் ஓடுவதும் அதே முல்லைப் பெரியாற்று நீரல்லவா?

இலக்கியத்திலும் இதுவே நிலை. போடி மீனாட்சிபுரம் ஈந்த கவிஞர் நா. காமராசன், 1971-இல் வெளிவந்த ‘கறுப்பு மலர்கள்’ தொகுதியில், திருநங்கையரின் குரலிலே ஒரு கவிதை படைத்தார். ஊர் எள்ளி நகைத்த காலத்தில் நம் கவிஞர் இரங்கினார். அது இம்மண்ணுக்குப் பெருமை. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு! பிறப்பையே பிழையெனக் கருதி வருந்திய குரல் அது. “நாங்கள் பிழையல்லர்” என்று அவர்களே எழுதிய நூல்கள் நம் கைக்கு வர முப்பதாண்டுகளுக்கு மேலாயின. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ 2005-இல் வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007-இல் வந்தது.

2018 ஜூலையில், குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் அமைப்பு சென்னையில் பால்புதுமையர் இலக்கிய விழாவை நடத்தியது. அன்று தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு உயிரோடிருந்தது. வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் உரைத்தது அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள்தான். தீர்ப்புக்கு முன்பே மேடை எழுந்தது! 2023-இல் சென்னைப் புத்தகக் காட்சியிலும் திருநர் தாமே நடத்திய ‘குயர் பப்ளிஷிங் ஹவுஸ்’ அரங்கு இடம்பெற்றது.

“தனி மேடை தனிமைப்படுத்துமே” என்பர். தனிமை இன்று எங்கே இருக்கிறது? கம்பத்திலோ கூடலூரிலோ, பெற்ற தாயிடமும் மனம் திறக்கவியலாமல், தன்னைப் போல் உலகில் எவருமில்லை என்று குமையும் பிள்ளையின் நெஞ்சில் இருக்கிறது! சென்னை விழா அப்பிள்ளைக்கு ஓரிரவுப் பயணத் தொலைவு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. “உங்களுக்குத்தான் தனி விழா இருக்கிறதே” என்று சொல்லிப் பொது மேடையின் கதவை அடைக்க முனைவோர் வருவர். கால்வாய் கண்டவன் ஆற்றின் மேலுள்ள உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டானா? தனி விழாவும் வேண்டும். பொது விழாவில் பங்கும் வேண்டும்!

2023-இல் அரசு மதுரையில் நடத்திய இலக்கியத் திருவிழாவுக்கு வைகையின் பெயர். அவ்வைகை பிறப்பதோ நம் வருசநாட்டு மலையில்! ஆகவே தோழர்களே, தேனிப் புத்தகத் திருவிழாவில் இவ்வெழுத்தாளர்களுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கேளுங்கள். கம்பம், சின்னமனூர், போடிப் படிப்பகங்களில் இந்நூல்களை வையுங்கள். பள்ளத்தாக்கிலேயே ஒருநாள் தனி விழாவுக்குப் பந்தற்கால் நடுங்கள்.

மேடையில் அவர்கள் பேசட்டும். நாற்காலி போடுவதும், அமர்ந்து கேட்பதும் நம் பணி!